பட்டறையில் ஒரு கல்யாணமான எடுபிடி

வெல்டர் ஆகவேண்டும் என்று நான் முடிவு செய்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். நான்கு மாதப் பெண் குழந்தை இருந்தது. இந்தத் தொழிலில் நுழைய இவை எல்லாமே தடை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு முன் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பராக இருந்தேன். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவேன், விசில் ஊதுவேன், பக்கத்துக் கம்பெனி டைம்கீப்பரோடு இரண்டு நிமிடத்துக்காகச் சண்டை போடுவேன். எழுபதுகளின் நடுவில் அரசாங்கம் தடங்களை எடுத்துக்கொண்டது. டிரைவர்களும் கண்டக்டர்களும் அரசு வண்டிக்குப் போனார்கள். என் பெயர் கம்பெனியின் ஆள் பட்டியலிலேயே இல்லை என்று ஆபீஸில் சொன்னார்கள். ஐந்து வருடம் வெயிலில் நின்று விசில் ஊதியிருக்கிறேன். காகிதத்தைப் பார்த்தால் அங்கே யாருமே ஊதவில்லை.

வெல்டிங் மேல் ஆசை வந்தது அந்தக் கம்பெனியில்தான். ஒரு கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், கூட்டம் அலைமோதும்போது விழுப்புரம் வண்டியின் அடிச்சட்டம் விரிசல் விட்டுவிட்டது. ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். செங்கம் சாலையிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டி வந்தார்கள். அழுக்கு பனியன், வாயில் பீடி. எங்கள் முதலாளி தானே போய் அவருக்கு டீ வாங்கி வந்தார். வெல்டர் டீயைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். முதலாளி தள்ளி நின்றார். யார் சொல்லியும் அவர் தள்ளி நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கால் மணி நேரம் என் மனதில் தங்கிவிட்டது.

வேலை போன மறுமாதம் வேலூருக்கு பஸ் ஏறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். அங்கிருந்த குமாஸ்தா என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்கிப் பிறந்த தேதியை மட்டும் பார்த்தார். "வயசு தாண்டிடுச்சே" என்று திருப்பிக் கொடுத்தார். எத்தனை மாதம் தாண்டியது என்று கேட்டேன். "தாண்டினா தாண்டினதுதான்" என்றார். அப்படியானால் பட்டறையில்தான் கற்க வேண்டும் என்று ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் ஊரில் அப்போது வெல்டிங் பட்டறைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. முதல் பட்டறைக்காரர், "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பதிலுக்காக அவர் காத்திருக்கவே இல்லை.

இரண்டாவது பட்டறைக்காரர் உட்காரச் சொன்னார். நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்க. ஒரு கொழந்த இருக்குது."

"அப்ப வேணாம்ப்பா. இந்த வேலைய திட்டித்தான் கத்துக்குடுக்க முடியும். கை தப்பாப் போச்சுன்னா ஒரு தட்டு தட்டணும். கொழந்த பெத்தவன நான் எப்படி தட்டறது? நாளைக்கு உன் மாமனார் வந்து வாசல்ல நிப்பாரு."

திட்டினாலும் தட்டினாலும் பரவாயில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உனக்குப் பரவால்ல. எனக்கு மனசு வராது" என்றார்.

மூன்றாவது, போளூர் சாலையில் இருந்த பாய் பட்டறை. பாய்க்கு நாற்பது வயதிருக்கும். அவர் குடும்பம் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக ஜட்கா வண்டிக்கு இரும்பு வேலை செய்தது. ஜட்கா குறைந்ததும் இவர் வெல்டிங் மிஷின் வாங்கிப் போட்டு, ஜன்னல் கிரில், டிராக்டர் பெட்டி, லாட்ஜுகளுக்கு மாடிப்படி என்று செய்துகொண்டிருந்தார். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. "எடுபிடிக்கு ஆள் வேணும். இருக்கறதுன்னா இருங்க தம்பி" என்றார். இருந்தேன்.

பட்டறையில் வெல்டிங் செய்தவனுக்கு வயது பத்தொன்பது. பன்னிரண்டு வயதில் வந்தவன். தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. பாய் உட்பட எல்லோரும் அவனை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவன் என்னை அண்ணே என்பான். "அண்ணே, அந்த ஆங்கிள் இரும்ப எடுங்க. அண்ணே, டீ வாங்கியாங்க. அண்ணே, இது இன்னா, கோணலா அறுத்து வச்சிருக்கீங்க." அண்ணே என்று கூப்பிட்டு ஒருவரை இவ்வளவு வேலை வாங்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் வருடம் நான் இரும்பை அறுத்தேன், துருவைத் தேய்த்தேன், சிவப்பு பெயின்ட் அடித்தேன். மேஸ்திரி ஒட்டும்போது இரண்டு துண்டுகளையும் அசையாமல் பிடித்துக்கொள்வது என் முக்கியமான வேலை. பிடித்ததும் அவன் சொல்வான்: "மொகத்த திருப்பிக்கங்க." நான் முகத்தை சாலைப் பக்கம் திருப்பிக்கொள்வேன். பின்னால் சடசடவென்று சத்தம் கேட்கும், புகை வரும், கையில் பொறி விழும். சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தால் இரண்டு துண்டும் ஒன்றாகியிருக்கும். எதைக் கற்க வந்தேனோ அது நடக்கும் நேரத்தில் மட்டும் நான் போளூர் சாலையில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று மனம் பழைய ஞாபகத்தில் தானாகவே கணக்குப் போடும். எனக்கு எரிச்சலாக வரும்.

பட்டறையில் கருப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான். ஒரு மரச் சட்டத்தில் பதித்து, கைப்பிடி போட்டு வைத்திருந்தார்கள். அது எப்போதும் மேஸ்திரியின் இடது கையில் இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். "இத உங்ககிட்ட குடுத்துட்டு நான் கண்ண மூடிக்கினா அடிக்கறது?" என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மிஷினில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும்போது அவன் முதுகால் மறைத்துக்கொண்டு திருகுவான். அதில் ஒரு நியாயமும் இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெறும் கண்ணால் பார்த்தேன். காலையில் ஒரு முழு கிரில் அடித்து முடிக்கும்வரை, விரலிடுக்கு வழியாக விட்டுவிட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளை வெளிச்சத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மத்தியானம்வரை ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது கண்ணில் யாரோ மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தியது. வாசலை அடைவதற்குள் இமையைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது.

என் மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, தாய்ப்பால் விட்டால் எரிச்சல் அடங்கும் என்றாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி இரண்டு கண்ணிலும் பாலைப் பீய்ச்சினாள். வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் அடங்கியது. பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"கொழந்தைக்கே பத்தல" என்றாள் அவள். "இதுல உங்களுக்கும் ஊத்தணும்னா நான் என்ன பண்றது?"

கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஒரு வருஷம் ஆச்சு. ஒரு கம்பியாவது ஒட்டினீங்களா?"

"இன்னும் கையில குடுக்கல."

"கையில குடுக்கலன்னு கண்ணையும் குடுத்துட்டு வரணுமா?"

இரண்டு நாள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவள் மிஷின் ஓட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்தேன். வேலையை விடுவதா, கண்ணாடி வாங்குவதா என்பதுதான் யோசனை. மூன்றாம் நாள், மெட்ராஸ் வண்டியில் போகும் பழைய டிரைவர் நண்பரைப் பிடித்து, பாரிமுனையில் ஒரு கருப்புக் கண்ணாடி வாங்கிவரச் சொன்னேன். அவர் முதலில் வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸை வாங்கி வந்தார். பெட்டியோடு கொடுத்து, "நல்லா இருக்குதா?" என்று வேறு கேட்டார். அதைத் திருப்பி, மறுபடி சொல்லி, சரியானது வர இன்னும் மூன்று வாரம் ஆனது. அட்டைப் பெட்டியை வெட்டி அதில் பதித்து எனக்கு நானே ஒரு முகமூடி செய்துகொண்டேன்.

அன்றைக்கு மேஸ்திரி "மொகத்த திருப்பிக்கங்க" என்றபோது நான் அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்தேன். அவன் ஒரு வினாடி நிறுத்தினான். பிறகு வெல்டிங் ராடை இரும்பில் தட்டினான்.

முதல் முறையாகப் பார்த்தேன். கண்ணாடிக்குள் எல்லாம் இருட்டு. நடுவில் பச்சையாக ஒரு சின்ன வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் அடியில் இரும்பு, கொதிக்கும் கஞ்சிபோல ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. ராடு நகர நகரக் குட்டையும் கூடவே நகர்ந்தது. பின்னால் வந்த பாகம் தோல் கட்டி, மங்கி, இருட்டில் போனது. இரும்பு இவ்வளவு எளிதாகத் தண்ணீராகும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு வருடமாக என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. சந்தோஷத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது.

பார்த்தால் மட்டும் கை வந்துவிடாது. ஒரு ராடு எரிந்து கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்கு மிஞ்சுவதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் சேர்த்தேன். மத்தியானம் மேஸ்திரி சாப்பிடப் போனதும் பழைய இரும்புத் துண்டுகளில் ஒட்டிப் பழகினேன். ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது. மிஷின் உறுமும். ஆட்டி ஆட்டிப் பிய்த்து எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நன்றாகப் பிடித்துவரும் நேரத்தில் கரண்ட் போய்விடும். ஏரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில், சுற்று ஊர்களில் எல்லாம் பம்பு செட் ஓடும்போது, மிஷினுக்கு வேண்டிய பலம் கம்பியில் வராது. சாமி விளக்குபோல ஒரு பொறி வந்து அணைந்துவிடும்.

ஒரு நாள் மேஸ்திரி பாதியில் திரும்பி வந்து பார்த்துவிட்டான். ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை என் கையிலிருந்து பிடுங்கினான்.

"யார கேட்டு தொட்ட?"

அன்றுதான் முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினான்.

"எறியற துண்டுதான மேஸ்திரி" என்றேன்.

"நான் இங்க ஆறு வருஷம் ஒத வாங்கினேன். சுத்தியால முட்டியில அடிப்பாரு பழைய மேஸ்திரி. இதோ பாரு." லுங்கியைத் தூக்கிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே மேடாகத் தழும்பு இருந்தது. "நான் சோறு துன்ற நேரத்துல நீ பாத்து கத்துக்கினு போயிடுவியா?"

பாய் உள்ளேயிருந்து வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். "மேஸ்திரி இல்லாதப்ப தொடாதீங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார். மேஸ்திரி இருக்கும்போது தொட முடியாது, இல்லாதபோது தொடக் கூடாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில், கோபுரத்துக்கு முன்னால் நின்று, இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் தேங்காய் விற்ற பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பட்டறைக்குப் போனேன். வேறு போக இடமில்லை.

நான்கைந்து மாதம் கழித்து நிலைமை மாறியது. வளைகுடா நாட்டுக்கு வெல்டர் எடுக்கிறார்கள், மெட்ராஸில் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள் என்று மேஸ்திரிக்குச் செய்தி வந்தது. பாரம் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எழுத வேண்டும். அவனுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது. மூன்று நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த மூன்று நாளும் டீயை அவனே வாங்கி வந்தான். நான்காம் நாள், "அண்ணே, ஒரு பாரம் எழுதணும்" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மறுக்க முடியவில்லை. தேர்வுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மெட்ராஸில் ஒரு பெரிய கொட்டகையில் வரிசை வரிசையாக மிஷின்கள். எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு இரும்புப் பட்டையைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியதை ஒரு அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைத்தார்கள். ஒட்டு விரிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவருடைய பட்டை சட்டென்று பிளந்தது. அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். மேஸ்திரியின் பட்டை லாடம்போல வளைந்தது. ஒட்டின இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சோதித்தவர் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் பெருமைப்படுகிறேன் என்று எரிச்சலாகவும் இருந்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்தான். செங்கல்பட்டு தாண்டியதும் என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டான். முன் சீட்டின் முதுகில் வைத்து, "ராட இப்படி நேரா புடிக்கறீங்க. அதான் உங்க தப்பு. கொஞ்சம் சாய்க்கணும்" என்றான். பிறகு நிறுத்தவே இல்லை. எந்தத் தடிப்புக்கு எவ்வளவு கரண்ட், ராடு ஒட்டிக்கொண்டால் எப்படி முறுக்கிப் பிடுங்குவது, செங்குத்தான இடத்தில் கீழேயிருந்து எப்படி மேலே ஏறுவது, சத்தத்தை வைத்தே சரியாகப் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

"நல்லா போனா மல்லாட்ட வறுக்கற மாதிரி சத்தம் வரும். புஸ்ஸு புஸ்ஸுனு வந்தா தூரமா புடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றரை வருடமாக நான் விரலிடுக்கு வழியாகத் திருடப் பார்த்ததெல்லாம் ஐந்து மணி நேர பஸ் பயணத்துக்குள் அடங்கிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல, மேஸ்திரி?"

அவன் பென்சிலை என் பையில் திரும்பச் செருகினான். "சொல்லியிருந்தா நீங்க கத்துக்கினு இருப்பீங்க. உங்களுக்கு எழுதப் படிக்கவும் தெரியும். அப்புறம் பாய் என்ன எதுக்கு வச்சிக்குவாரு?"



இரண்டு மாதத்தில் அவன் விமானம் ஏறிவிட்டான். பாய் வேறு வெல்டர் தேடினார். கிடைத்தவர்கள் எல்லாம் வளைகுடாவுக்குப் போகக் காத்திருப்பவர்கள். கடைசியில் ஹோல்டரை என்னிடம் கொடுத்தார். நான் தேறிவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் இல்லாததால் நான் வெல்டர் ஆனேன்.

சின்னச் சின்ன கிரில் வேலைகள் ஓடின. அறுவடை சமயத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி டிராக்டர் பெட்டியோடு வந்தார். பெட்டியை டிராக்டரில் மாட்டும் கொக்கி பிடிப்பு விட்டிருந்தது. ஒட்டிக் கொடுத்தேன். மேலே மீன் செதில்போல வரிவரியாக அழகாக வந்தது. இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். துண்டில் எதையோ சுருட்டிக் கொண்டுவந்து பாயின் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அந்தக் கொக்கி.

"ஏரிக்கரை மேல போவச்சொல்ல புட்டுக்கிச்சு" என்றார். சத்தம் போடவில்லை. "பெட்டி நெறைய மல்லாட்ட மூட்ட. மேல என் தம்பி குந்தியிருந்தான். பெட்டி பின்னால உருண்டது. குதிச்சான். கொஞ்சம் தாமசம் பண்ணியிருந்தா பெட்டியோட மடுவுல போயிருப்பான்."

நான் கொக்கியை எடுத்துப் பார்த்தேன். மேலே நான் ரசித்த அதே செதில். உடைந்த இடத்தில், உள்ளே, பாதிக்கு மேல் இரும்பு இரும்போடு சேரவே இல்லை. இடையில் கருப்பாகக் கசடு, உடைந்த பாட்டில் கண்ணாடிபோலப் பளபளத்தது. ஒரு சோற்றுப் பருக்கை அகலத்தில்தான் பிடித்திருந்தது. அதை நம்பித்தான் ஒரு மனிதன் மேலே உட்கார்ந்து போயிருக்கிறான்.

பாயும் வாங்கிப் பார்த்தார். "மேல பாத்தா நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் விவசாயியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, செங்கம் சாலைப் பட்டறைக்குத் தானே அந்தக் கொக்கியை எடுத்துக்கொண்டு போய் ஒட்டி வாங்கி வந்தார். அந்த ஒரு மணி நேரமும் விவசாயி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "பாத்து பண்ணுங்க தம்பி" என்றார்.

மறுநாளிலிருந்து நான் ஒட்டியதை நானே உடைக்க ஆரம்பித்தேன். தினமும் காலையில் இரண்டு வெட்டுத் துண்டுகளை ஒட்டி, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, பெரிய சம்மட்டியால் அடிப்பேன். உடையும். உள்ளே பார்ப்பேன். கசடு. மறுநாள் கரண்டைக் கூட்டி ஒட்டுவேன். உடையும். ஓட்டை. பாய் இரண்டு வாரம் பொறுத்தார். "ராடு என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார். ஒரு நாளைக்கு ஒன்று என்று ஒத்துக்கொண்டோம். மேஸ்திரி பஸ்ஸில் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் செய்து பார்ப்பேன். பாதி மறந்திருந்தது. அவன் என் கையைப் பிடித்து ஒரே ஒரு முறை காட்டியிருந்தால் போதும் என்று தினமும் திட்டிக்கொண்டே அடிப்பேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவனுடைய அம்மா பட்டறைக்கு வந்தார். கையில் நீலமும் சிவப்புமாகக் கரை போட்ட கடிதம். "படிச்சி சொல்லுப்பா" என்றார். கூட இருக்கும் ஒரு தமிழரிடம் சொல்லி எழுதியிருந்தான். வந்து ஆறு மாதமாகிறது, இன்னும் ஹோல்டரைத் தொடவிடவில்லை, வெயிலில் பைப் தூக்கிப் போடும் வேலைதான், கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள் என்று இருந்தது. அந்த வரிகளை முதலில் மனதுக்குள் படித்தேன். என் ஒன்றரை வருடத்தை யாரோ எழுதி அனுப்பியதுபோல் இருந்தது. ஒரு காலத்தில் அவனுக்கு இப்படி ஆக வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. ஆகியிருந்தது. 

"இன்னா எழுதியிருக்கான்? நல்லா இருக்கானாமா?"

"நல்லா இருக்காராம். வேல கொஞ்சம் ஜாஸ்தியாம்."

"கண்ணாடி போட்டுக்கினு பண்ணச் சொல்லி எழுது" என்றார் அவர். எழுதினேன். கடைசியில் என் பங்குக்கு, இங்கே எல்லாம் நலம் என்று ஒரு வரி சேர்த்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உடைக்க ஆரம்பித்து எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, ஒரு காலையில் சம்மட்டியால் அடித்தேன். உடையவில்லை. மறுபடி அடித்தேன். ஒட்டுக்குப் பக்கத்தில் பட்டையே வளைந்தது. ஒட்டு அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் யாரும் இல்லை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. சாயங்காலம் மனைவியிடம் காட்டினேன். அவள் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "வளஞ்சி போயிருக்குதே" என்றாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். பழைய மிஷின் ஒன்றும் கிடைத்தது. பிறகு மின்சார இணைப்புக்கு எழுதிப் போட்டேன். மின்வாரிய ஆபீஸில் பாரத்தைப் பார்த்தவர், "வெல்டிங்னா எங்க ட்ரெயினிங் எடுத்தீங்க? சர்ட்டிபிகேட் வேணுமே" என்றார். வயது தாண்டிவிட்டது என்று எனக்குப் பயிற்சியையே மறுத்த கதையை அவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டபின், "அப்ப அனுபவ லெட்டராவது வேணும்" என்றார்.

பாயிடம் போனேன். கடிதத்தை நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போடும் முன், "எத்தன வருஷம்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆறு."

"மொத வருஷத்த விட்டுட்டீங்களே. ஏழு போடுங்க." போட்டேன்.

கடிதம் கொடுத்தும் ஒரு வருடம் நடந்தேன். கம்பம் இல்லை என்றார்கள். கம்பம் வந்தது, கம்பி இல்லை என்றார்கள். கம்பி வந்தபோது லைன்மேன் மாற்றலாகிப் போயிருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்கள் என் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டு போனார்கள். அது பட்டறை என்று யாருக்கும் தெரியாது.

இணைப்புக் கொடுத்த அன்று பக்கத்து இட்லிக் கடை அம்மாள் அடுப்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று காலில் இரண்டு கழன்றிருந்தது. காலை பத்து மணி. மிஷினைப் போட்டேன். ராடைத் தட்டினேன். பொறி வந்து அணைந்தது. சுற்றிலும் கிணறுகளில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு?"

"வோல்டேஜ் கம்மியா இருக்குதும்மா. கொஞ்ச நேரம் பொறுங்க."

அவர் பொறுத்தார். பதினொன்று, பன்னிரண்டு. நடுவில் கடைக்குப் போய் வந்தார். "அடுப்பு இல்லாம நான் எப்படிப்பா யாவாரம் பண்றது? ஊர்ல வேற ஆளே இல்லன்னா உன்கிட்ட வந்தேன்?" என்று கேட்டார். நான் மிஷின் பக்கத்தில் குந்திக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை ராடைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி வாக்கில் பம்புகள் நின்றன. சத்தம் சரியாக வந்தது. ஒரு காலை ஒட்டினேன். ஸ்டாண்டைத் திருப்பி வைத்து அடுத்த காலையும் ஒட்டினேன். கசடைத் தட்டிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தேன். நன்றாகப் பிடித்திருந்தது.

அந்த அம்மாள் கையை நீட்டினார்.

"சூடா இருக்கும். கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"இன்னும் பொறுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, கீழே கிடந்த கோணிச் சாக்கைச் சுற்றி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.